சேவல் தூங்கத் தொடங்குவதற்கு முன்

சோர்ந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து "சீக்குக் கோழி மாதிரி இருக்கிறாயே" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளிழுத்து, கண்ணை மூடியும் திறந்தும் ஒரு மூலையில் நிற்கும் கோழியின் தோற்றம் எல்லார் மனத்திலும் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. கிராமத்தில் அந்த நிலைக்கு "கோழி தூங்குகிறது" என்றே பெயர். தூங்கத் தொடங்கிய கோழி பிழைக்காது என்பார்கள். பெரும்பாலும் அப்படியே ஆகியும் விடுகிறது. ஆனால் நோய் அன்றைக்கு வந்ததாக இருக்காது. கோழி தூங்கி விழும்போது நோய்க்கு இரண்டு மூன்று நாள் வயதாகியிருக்கும். அந்த நாட்களில் அது நம் கண் முன்னால்தான் நடமாடிக்கொண்டிருந்தது.

சேவலிடம் நோயைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். கோழி, பிற உயிர்களுக்கு இரையாகும் பறவை. நலிந்ததைத்தான் பருந்தும் கீரியும் முதலில் குறிவைக்கும் என்பதால், நோவை மறைப்பது அதன் பிறவிக் குணம். சேவலுக்குக் கூடுதலாக ஒரு நெருக்கடி உண்டு. கூட்டத்தில் அதற்கு ஒரு பதவி இருக்கிறது. தளர்ச்சி தெரிந்தால், நேற்று வரை ஒதுங்கிப் போன இளஞ்சேவல் இன்று விடிந்ததும் மேலே பாயும். அதனால் உடம்பில் காய்ச்சல் இருந்தாலும் அது நெஞ்சை நிமிர்த்தி நிற்கும், கூவும், பெட்டைகளை அழைக்கும்.

எங்கள் புறக்கடையில் சில ஆண்டுகளுக்கு முன் குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட செவலைச் சேவல் ஒன்று இருந்தது. தானியம் போட்டால் முதலில் ஓடி வருவது அதுதான். ஒரு மணியைக் கொத்தி எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிடும். நன்றாகத் தின்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் கூட்டுக்குள் விறைத்துக் கிடந்தது. எடுத்தபோது கை நடுங்கிவிட்டது. நெஞ்செலும்பு கத்தி முனை போல் நின்றது, இரண்டு பக்கமும் சதையே இல்லை. இரை கண்ட சேவல் அதைப் பெட்டைகளுக்குக் காட்டிக் கொடுப்பது இயல்பான நடத்தை. நான் பார்த்த கொத்தலெல்லாம் அந்த அழைப்புதான். அதன் வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. அன்றிலிருந்து சேவலின் அலகை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

தொட்டுப் பார்க்க ஏற்ற நேரம் மாலை மயங்கியபின். கூட்டில் அடைந்த கோழி இருட்டில் திமிறாது. துரத்திப் பிடித்த சேவலுக்கு மூச்சு வாங்கும். அதை வைத்து நோயா இல்லையா என்று சொல்ல முடியாது. அடைந்த சேவலை இரு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்து எடுத்து, முதலில் கழுத்துக்குக் கீழே, அதன் வலப்பக்கமாக இருக்கும் இரைப்பையைத் தடவ வேண்டும். மாலையில் அது ஒரு சிறிய பை நிறையத் தானியம் போலப் புடைத்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் அன்று முழுவதும் சேவல் தின்னவில்லை என்று பொருள். விடியற்காலையில் கணக்கு தலைகீழ்: அப்போது இரைப்பை காலியாக இருப்பதுதான் சரி. காலையிலும் கல் போல் கெட்டியாக இருந்தால் நீண்ட புல்லோ, நூலோ, பிளாஸ்டிக் துண்டோ அடைத்திருக்கலாம். தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே இருப்பது நொதித்துவிட்டது. அப்போது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பிழிந்தெடுப்பார்கள் சிலர். இரைப்பையில் உள்ள நீர் மூச்சுக்குழாயில் இறங்கி அந்த நிமிடமே சேவல் செத்துப்போவதும் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

அடுத்து நெஞ்செலும்பு. அதன் இரு புறமும் விரலை வைத்து அழுத்தினால் சதை திரண்டு நிற்க வேண்டும். பெருவிடைச் சேவலுக்கும் சிறுவிடைச் சேவலுக்கும் உடல்வாகு வேறு. ஆகவே பிற சேவலோடு ஒப்பிடக் கூடாது. போன வாரம் இதே சேவல் எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிட வேண்டும். துணிப்பையில் இட்டுத் தொங்கு தராசில் வாரம் ஒரு முறை நிறுத்துக் குறித்து வைப்பவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். பிறகு பாதத்தின் அடி, இறக்கைக்கு அடியில் உள்ள தோல், ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகு. கடைசியாக ஒரு நிமிடம் பேசாமல் நின்று மூச்சைக் கேட்க வேண்டும். பகலில் காதில் விழாத கரகரப்பு இரவின் அமைதியில் தெளிவாகக் கேட்கும்.

கொண்டையும் தாடியும் சேவலின் உடல்நிலையை வெளியே எழுதிக் காட்டும் பலகை. தோலுக்கு அடியில் இரத்த நாளங்கள் நெருக்கமாக ஓடுவதால் உள்ளே நடப்பது நிறமாகத் தெரிகிறது. வெளிறிய கொண்டை இரத்தக் குறைவைச் சொல்கிறது: குடற்புழு, பேன், உண்ணி. நுனி நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறினால் மூச்சிலோ இரத்த ஓட்டத்திலோ தடை. அது ஆபத்தான அறிகுறி. இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. இறகு உதிர்க்கும் காலத்தில் நல்ல சேவலுக்கும் கொண்டை சுருங்கி வெளிறும், கூவல் குறையும். சண்டையில் தோற்ற சேவலும் கூவுவதை நிறுத்திவிடும், ஒதுங்கி நிற்கும், தீவனத்துக்கு வராது. மருந்து கொடுப்பதற்கு முன் வேறு சேவல் அதை விரட்டுகிறதா என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கொண்டை நுனி கறுத்தால் பனிக்கடி என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் உறைபனி விழும் இரவுகளுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். சமவெளியில் கொண்டையில் தெரியும் கறுப்புப் பொருக்கு, கொத்துப்பட்ட காயமாகவோ அம்மையாகவோதான் பெரும்பாலும் இருக்கும்.

எச்சத்தின் நிறம் சொல்வதும் சொல்லாததும்

நம் மக்கள் கோழி நோய்க்குப் பெயர் வைப்பது எச்சத்தின் நிறத்தைப் பார்த்துத்தான். வெள்ளைக் கழிச்சல், பச்சைக் கழிச்சல், இரத்தக் கழிச்சல். கூர்மையான கண்ணோடு வைத்த பெயர்கள்தான் இவை. ஆனால் நிறத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் அதே பெயர் நம்மைத் தவறான மருந்துக்கு அழைத்துப் போய்விடும்.

கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, யூரிக் அமிலமாக, வெள்ளைச் சுண்ணாம்பு போல எச்சத்தோடு சேர்ந்து வருகிறது. நலமான சேவலின் எச்சம் பழுப்பாகவோ சாம்பல் பச்சையாகவோ உருண்டு, மேலே வெள்ளைத் தொப்பி போட்டது போல் இருக்கும். எட்டுப் பத்து முறைக்கு ஒரு முறை பாகு போன்ற, நாற்றமடிக்கும் பழுப்பு எச்சம் வரும். அது குடல்வாலிலிருந்து வருவது. புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் அதைக் கழிச்சல் என்று பயந்து மருந்து வாங்க ஓடுகிறார்கள், பயப்பட வேண்டியதில்லை.

சேவல் தின்பதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? குடலிலிருந்து வரும் பழுப்புப் பகுதி இல்லாமல் போகும். சிறுநீரகத்தின் வெள்ளை மட்டும் வரும். அதோடு கல்லீரலிலிருந்து சுரக்கும் பித்தம் கலக்க உணவு இல்லாததால் பச்சையாகவே இறங்கும். ஆகவே பச்சையும் வெள்ளையுமான எச்சம் முதலில் சொல்வது ஒன்றைத்தான்: இந்தப் பறவை பட்டினி கிடக்கிறது. பட்டினிக்குக் காரணம் ராணிக்கெட் நோயாக இருக்கலாம், பாக்டீரியாவால் வரும் கோழிக் காலராவாக இருக்கலாம், இரைப்பை அடைப்பாகவோ உண்ணி பரப்பும் காய்ச்சலாகவோகூட இருக்கலாம். நிறம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. போதாக்குறைக்கு, பொரித்த சில நாட்களில் குஞ்சுகளுக்கு சால்மோனெல்லா பாக்டீரியாவால் வரும் நோயையும் வெள்ளைக் கழிச்சல் என்றே சொல்கிறோம். வைரஸால் வரும் ராணிக்கெட்டையும் அதே பெயரில்தான் சொல்கிறோம். ஒன்றுக்கு மருந்து வேலை செய்யும், இன்னொன்றுக்கு எந்த மருந்தும் வேலை செய்யாது.

இரத்தக் கழிச்சலில் மட்டும் நிறம் ஓரளவு நேர்மையாகப் பேசுகிறது. 3 முதல் 8 வாரக் குஞ்சுகளில், ஈரமான தரையில், எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் காக்சிடியோசிஸ் என்ற குடல் ஒட்டுண்ணி நோயை முதலில் சந்தேகிக்கலாம். ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கக் கால்நடை மருத்துவர் சொல்வார். வளர்ந்த சேவல் பெரும்பாலும் இந்த நோய்க்குப் பழகி எதிர்ப்பு பெற்றுவிட்டிருக்கும்.

ராணிக்கெட் என்பது ஓர் ஊரின் பெயர். இமயமலை அடுக்கில், இன்றைய உத்தராகண்டின் குமாவுன் பகுதியில் இருக்கிறது. 1926இல் இந்த நோய் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் கண்டறியப்பட்டது. 1920களின் பிற்பகுதியில் இந்தியாவில் ராணிக்கெட்டில் தெரியவந்தது. அதனால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது, நாம் ராணிக்கெட் என்கிறோம். அதே குமாவுன் மலையில் உள்ள முக்தேஸ்வரின் ஆய்வுக்கூடத்தில்தான் 1940களில் இதற்கான தடுப்பூசி வைரஸ் உருவாக்கப்பட்டது. வளர்ந்த கோழிகளுக்கு இன்றும் இறக்கையில் போடப்படும் தடுப்பூசி அந்த முக்தேஸ்வர் வகையே.

நோய்க்கிருமி உடம்பில் நுழைந்தபின் பொதுவாக 5, 6 நாட்களில் குறி தெரியும். சில வேளை 2 நாட்களிலேயே தெரியலாம். 15 நாட்கள் ஆவதும் உண்டு. வாயைத் திறந்து மேல்நோக்கி மூச்சு வாங்குதல், பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், இறக்கை தொங்குதல். இதையெல்லாம் தாண்டிப் பிழைத்த கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தானியத்தைக் குறிபார்த்துக் கொத்த முடியாமல் பக்கத்தில் மண்ணைக் கொத்தும். அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தடுப்பூசி போடாத கூட்டத்தில் கடுமையான வகைக் கிருமி புகுந்தால் பத்துக்கு ஒன்பது கோழிகூடப் போய்விடும். ஒரே வாரத்தில் முற்றம் காலியாகிவிடும்.

நோய் வந்தபின் போடும் தடுப்பூசியால் பயன் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரம் போல மீண்டும் ஒரு முறை, 8ஆம் வாரம் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. கோடை தொடங்குவதற்கு முன் கழிச்சல் கிளம்புவதால், தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டி இரு வாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. இலவசம். ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதற்கான மருந்துகளைத் தயாரிக்கிறது. ஊசி போட ஆள் கிடைக்காத கிராமங்களுக்காகத் தீவனத்தோடு கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. இவ்வளவு இருந்தும் முகாமன்று பல வீடுகளில் கோழியைப் பிடிக்க முடியாமல் போகிறது. காலை 9 மணிக்கு வண்டி வரும்போது கோழிகள் காட்டுக்கு மேயப் போயிருக்கும். முந்தின நாள் இரவு அடைத்த கூட்டை முகாமன்று காலையில் திறக்காமல் வைத்திருந்தால் போதும். அதைச் சொல்ல ஆள் இல்லை.

மஞ்சளும் வேப்பிலையும்

மழை ஓய்ந்து கொசு பெருகும் நாட்களில் கொண்டையில் சிறு சிறு கொப்புளம் எழும். இரண்டொரு நாளில் மரு போல் தடித்து, பழுப்புப் பொருக்காகக் கறுக்கும். இது கோழி அம்மை. கொசுக்கடி வழியாகவும் கொத்துக் காயத்தின் வழியாகவும் பரவும் வைரஸ் நோய். இறகில்லாத தோல் அதிகம் உள்ள பறவைக்கே கடி அதிகம். ஆகவே பெரிய கொண்டைச் சேவல் மோசமாகப் பாதிக்கப்படும். வீட்டில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவார்கள். மூன்று நான்கு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து கொண்டை பழையபடி ஆகிவிடும்.

என் பாட்டியும் இதைத்தான் பூசினார். நானும் பூசுகிறேன். புண்ணில் பாக்டீரியா சேராமல், ஈ மொய்க்காமல் இருக்க அது உதவும் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் தோல் அம்மை, எதுவும் பூசாவிட்டாலும் அதே மூன்று நான்கு வாரத்தில் ஆறிவிடும். எதைப் பூசினோமோ அதற்குப் புகழ் போய்ச் சேருகிறது. இதே கணக்கு கழிச்சலிலும் நடக்கிறது. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுத்த பத்துக் கோழியில் இரண்டு பிழைத்தால் உருண்டை காப்பாற்றியது என்கிறோம். எட்டு செத்தது விதி என்கிறோம். கைமருந்தை இழித்துப் பேச எனக்கு மனமில்லை. பசியைத் தூண்டவும் பறவையைத் தேற்றவும் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. அது தடுப்பூசியின் இடத்தில் போய் உட்காரும்போதுதான் கோழிகள் சாகின்றன.

அம்மையில் உண்மையான ஆபத்து இரண்டு. கண்ணிமையில் கொப்புளம் வந்து கண் மூடிக்கொண்டால் சேவல் தீவனம் தெரியாமல் பட்டினியால் சாகும். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து நாளுக்கு இரண்டு முறை துடைத்துக் கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். தண்ணீரையும் தீவனத்தையும் அலகுக்கு நேராக வைக்க வேண்டும். இன்னொன்று, வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலமாக வரும் அம்மை. அதைப் பிய்த்தால் இரத்தம் கொட்டும், மூச்சு அடைக்கும். இது வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது.

முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் நுரைத்து, மூக்கில் சளி ஒழுகி, கிட்டே போனால் அழுகல் வாடை அடித்தால் அது அம்மை இல்லை, கொரைசா எனப்படும் தொற்றுச் சளி. ஆன்டிபயாடிக் கொடுத்தால் வீக்கம் வடியும். ஆனால் தேறிய சேவல் கிருமியைச் சுமந்தபடி அடுத்த கோழிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். சந்தையில் வாங்கிய அழகான சேவல் வந்து பத்தாம் நாள் வீட்டுக் கோழிகளெல்லாம் தும்முவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். தாடி மட்டும் ஒரு பக்கம் பந்து போல் வீங்கினால் நாட்பட்ட கோழிக் காலராவை நினைக்க வேண்டும். அது சேவல்களிடம் அதிகம் தெரிகிற குறி. இந்தக் கோழிக் காலராக் கிருமியை வளர்த்து வைத்து, நாள்பட்டதும் அது வலுவிழப்பதைக் கண்டுதான் 1879, 1880ஆம் ஆண்டுகளில் பிரான்சில் லூயி பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் உருவான முதல் தடுப்பூசிக்கு வழி திறந்தார். மனிதர் போட்டுக்கொள்ளும் பல தடுப்பூசிகளின் கதை கோழிகளிடமிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே

மூன்று நான்கு மாத இளஞ்சேவல், தின்னும் ஆர்வம் குறையாமல், ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் நீட்டிப் படுத்துக் கிடந்தால் பார்ப்பவர் அடிபட்டது என்பார். மேரக்ஸ் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். 1907இல் ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெப் மேரக் கால்களும் இறக்கைகளும் செயலிழந்த நான்கு சேவல்களை ஆராய்ந்து, அவற்றின் நரம்புகள் தடித்திருப்பதை எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நின்றது. இது ஹெர்ப்பிஸ் வகை வைரஸ். இறகுத் தூசியில் பரவும், மருந்து கிடையாது. தடுப்பூசியைப் பொரித்த முதல் நாளே போட வேண்டும். பொரிப்பகக் குஞ்சுக்கு அது கிடைக்கிறது. தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்த நாட்டுக் குஞ்சுக்கு யாரும் போடுவதில்லை.

ஆனால் கால் இழுக்கும் சேவலெல்லாம் மேரக்ஸ் என்று கைவிட்டுவிடக் கூடாது. ஜாவாவின் பட்டாவியாவில், 1890களில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் தன் ஆய்வுக் கோழிகள் கால் தள்ளாடி விழுவதைக் கண்டார். அவை படை மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்றுவந்தன. புதிதாக வந்த சமையற்காரர் படைவீரரின் சோற்றைக் கோழிக்குத் தர மறுக்க, தவிடு நீங்காத அரிசிக்கு மாறிய கோழிகள் தேறிவிட்டன. தவிட்டில் இருக்கும் பி1 சத்தை உலகம் அறிய அந்தக் கோழிகள் வழி செய்தன. 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நாள் முழுதும் குப்பையைக் கிளறும் கோழிக்கு இந்தக் குறை வராது. கட்டிப்போட்டு அல்லது கூண்டில் வைத்து வெறும் சோறு போட்டு வளர்க்கும் சேவலுக்கு வரும். பி காம்ப்ளெக்ஸ் கொடுத்துச் சில நாட்களில் எழுந்து நின்றால் அது சத்துக் குறைவு. எழவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். சண்டைக் காயம், பாதத்தில் முள் ஏறிச் சீழ் கட்டிய ஆணி ஆகியவற்றையும் அதற்கு முன் பார்த்துவிட வேண்டும். கனத்த சேவல் உயரமான பரணிலிருந்து தினமும் சிமெண்ட் தரையில் குதித்தால் பாத ஆணி வரும். பரணைத் தாழ்த்தி, கீழே வைக்கோல் பரப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தீவனத்தைப் பற்றி இன்னொன்று. முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். வளரும் சேவலுக்கு 1 விழுக்காடு போதும். மிஞ்சியது சிறுநீரகத்தைத் தாக்கும். இளஞ்சேவல்களுக்கு வளர்கோழித் தீவனமும் மேய்ச்சலும் போதுமானவை.

நேர்த்திக்கடன் சேவல்கள் மூன்று நான்கு ஆண்டுகள்கூட உயிரோடு இருப்பதால் அவற்றிடம் நாட்பட்ட தொல்லைகளைப் பார்க்கலாம். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியது போல் தெரிந்தால் செதிலுக்கு அடியில் நுண்ணிய சிற்றுண்ணி குடியிருக்கிறது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, தேங்காய் எண்ணெயைத் தொடர்ந்து சில வாரங்கள் பூசினால் அது மூச்சு முட்டிச் சாகும். கோழி உண்ணி இதைவிடத் தந்திரமானது. பகலில் சேவல் மேல் தேடினால் பெரிய உண்ணி ஒன்றும் கிடைக்காது. அவை சுவர் வெடிப்பிலும் கூட்டின் மரப் பொந்திலும் ஒளிந்திருந்து, இரவில் வந்து குடித்துவிட்டுத் திரும்பிவிடும். ஓராண்டுக்கு மேல் பட்டினி கிடந்தும் சாகாது. கொண்டை வெளிறிக்கொண்டே போகிறது, காரணம் தெரியவில்லை என்றால் இரவு பதினொரு மணிக்கு டார்ச் விளக்கோடு கூட்டைப் பாருங்கள்.

முதலில் பஞ்சாரம், பிறகு மருந்து

சேவலுக்கு உடம்பு சரியில்லை என்று தோன்றிய அந்தக் கணத்தில், நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே செய்ய வேண்டியது அதைப் பிரிப்பது. மருந்துக் கடைக்கு ஓடுவதும், பக்கத்து வீட்டில் கேட்பதும், செல்போனில் தேடுவதும் அதற்குப் பிறகுதான். மற்ற கோழிகள் குடிக்கும் தண்ணீர்ச் சட்டியில் அது ஒரு வாய் குடித்துவிட்டுப் போனாலே போதும், பரவிவிடும். முற்றத்தின் மறு கோடியில், காற்றும் நிழலும் உள்ள இடத்தில், ஒரு பஞ்சாரத்தைக் கவிழ்த்து உள்ளே விடுங்கள். குளிராக இருந்தால் சாக்குப் போர்த்துங்கள். அடியில் பழைய செய்தித்தாள் விரித்தால் எச்சம் தெளிவாகத் தெரியும். நல்ல கோழிகளுக்குத் தீவனம் வைத்து முடித்தபின் கடைசியாகச் சீக்குச் சேவலிடம் போங்கள். அதற்கெனத் தனிச் செருப்பு, தனிச் சட்டி. திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ராணிக்கெட் கிருமி மனிதர் கண்ணில் பட்டால் சில நாட்கள் கண் சிவந்து உறுத்தும்.

நலிந்த சேவலைக் கொல்வது பல நேரம் நம் அன்புதான். அலகைப் பிளந்து தண்ணீரை ஊற்றுகிறோம். கோழிக்கு நாக்கின் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. ஊற்றிய நீர் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் தானே விழுங்கும், பிறகு இன்னொரு சொட்டு. கோழிகளுக்கான எலக்ட்ரோலைட் தூளைக் கரைத்து வைக்கலாம். தின்னத் தொடங்கினால் மசிந்த சோறு அல்லது கம்பங்கூழ், சிறிது சிறிதாக. கோழியின் இயல்பான உடல்வெப்பமே 41 டிகிரி செல்சியசுக்கு மேல் என்பதால், தொட்டவுடன் சுடுகிறது என்று மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். கத்திரி வெயிலில் வாய் பிளந்து மூச்சு வாங்கும் சேவலுக்கு வேண்டியது நிழலும் குளிர்ந்த நீரும்.

ஆன்டிபயாடிக்கை மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதை நான் வெறும் சட்டமாகச் சொல்லவில்லை. வைரஸ் நோய்க்கு அது பயனற்றது. அரைகுறையாகக் கொடுத்தால் எஞ்சிய பாக்டீரியா அந்த மருந்துக்குப் பழகிவிடும். மருந்து உடம்பில் இருக்கும்போதே அறுத்தால் அது நம் குழந்தைகளின் தட்டுக்கு வருகிறது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவுக்கான விலங்குகளுக்குப் பயன்படுத்துவதை 2019இல் இந்திய அரசு தடை செய்ய வேண்டி வந்தது. அந்த அளவுக்குப் போயிருந்தது நிலைமை.

கழிச்சல் ஊருக்கு ஊர் பாய்வது காற்றில் மட்டும் இல்லை. நம் கையால்தான் பெரும்பாலும் பாய்கிறது. தெருவில் ஒரு வீட்டில் கோழி தூங்கத் தொடங்கியதும் மற்ற வீடுகளில் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வியாபாரியைக் கூப்பிட்டு, பார்க்க நன்றாக இருக்கும் கோழிகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பாதி விலை, கோழியை நம்பிக் குழந்தைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோழிகளின் உடம்பில் நோய் முளைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த நாள் சந்தையில் அதே கூடையிலிருந்து வேறொரு பெண் தன் மிச்சக் காசைக் கொடுத்து அதை வாங்கிப் போகிறாள். ஆறாம் நாள் அவள் முற்றமும் காலி. சீக்குக் கோழியை அறுத்தாலும் இதேதான். நன்றாக வெந்த கறியில் கிருமி இருக்காது என்பது சரி. தெருவோரம் கொட்டிய இறகும் குடலும் நாய் வாயில் ஊர் சுற்றும்.

முன்கூட்டி எந்தக் குறியும் காட்டாமல் அடுத்தடுத்துக் கோழிகள் சாகின்றன, கொண்டை நீலம், காலில் இரத்தம் கன்றிய திட்டு, பக்கத்தில் காக்கைகளும் விழுகின்றன என்றால் பறவைக் காய்ச்சலை நினைத்தே தீர வேண்டும். இந்தியாவில் அது முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் கோழிப் பண்ணைகளில் கண்டறியப்பட்டது. அப்படிப்பட்ட கோழியை அறுக்கவோ, வயிற்றைக் கிழித்துப் பார்க்கவோ, வெறுங்கையால் தொடவோ கூடாது. கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள். 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மற்ற நேரங்களில், செத்த முதல் கோழியே மீதிக் கோழிகளுக்கான மருத்துவச் சீட்டு. ஈரல், குடல், நரம்பு ஆகியவற்றைத் திறந்து பார்த்து, வெளிக்குறிகளால் சொல்ல முடியாததை மருத்துவர் சொல்லிவிடுவார். இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து, அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். உறையவைத்தால் திசு கெட்டுவிடும். நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலோ மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலோ கொடுக்கலாம். போகும்போது கோழியின் வயது, கடைசியாகப் போட்ட தடுப்பூசி, எப்போது தின்பதை நிறுத்தியது, அண்மையில் புதுக் கோழி வாங்கினீர்களா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பலரும் "ஆமாம், போன வாரம் ஒரு சேவல்" என்றே சொல்கிறார்கள். வாங்கிய சேவலை மூன்று வாரம் தனியே வைத்திருந்தால் அந்தப் பதிலுக்கே இடமிருக்காது.

பரிசோதனைக்குப் போகாத உடல்களை இரண்டு மூன்றடி ஆழத்தில், சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி. கூட்டின் எச்சத்தைச் சுரண்டி எரித்து, சோப்பு நீரால் தேய்த்து, காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்து, வெயில் படத் திறந்து போடுங்கள். குறைந்தது ஒரு மாதம் அது வெறுமையாகவே கிடக்கட்டும். பிறகு குஞ்சு இறக்குகிற அன்றே காலண்டரில் 7ஆம் நாளைக் குறித்துவிடுங்கள்.